பட்டையில் பத்துப் பேர்

காலையில் பல் துலக்கிக்கொண்டே பெரியவர் சிலந்திகளை எண்ணுவார். வாய் நிறைய நுரை, ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் பிரஷ். கூடத்து மூலையில் நிற்கும் உயரமான கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்று, அந்தப் பிரஷ்ஷாலேயே ஒவ்வொன்றாகச் சுட்டி, "ம்... ம்... ம்..." என்று பத்து முறை முனகுவார். பிறகு குளியலறைக்குப் போய்த் துப்பிவிட்டு, வாசல் நிலையைப் பிடித்தபடி அறிவிப்பார்.

"பத்து. எல்லாரும் ஆஜர்."

குளியலறைக்குள் எப்போது நுழையலாம் என்று துண்டும் சோப்புமாகக் காத்து நின்றவளுக்கு அந்தப் பத்தும் ஒரே நாளில் செத்துத் தொலைந்தால் என்ன என்று தோன்றும். பத்தோடு பதினொன்றாக இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றும். ஆனால் அவர் கணவனின் அண்ணன். அதனால், "கொஞ்சம் வழி விடுங்க மாமா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அந்த வீட்டில் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர். பெரியவர் வைத்தது. மீன் தொட்டி, ஆமைத் தொட்டி, பல்லிக்கூண்டு என்று உயிர்ப் பிராணிகளுக்குக் கண்ணாடி வீடு கட்டித்தரும் கடையில் அவள் வேலை செய்தாள். கண்ணாடியை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, சிலிகான் பசையைக் கோடு பிசகாமல் இழுத்து ஒட்டுவாள். அவள் ஒட்டிய தொட்டியில் ஒரு சொட்டு கசிந்ததாக இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட கைக்கு "நம்ம கண்ணாடிக்காரி" என்பதுதான் அந்த வீடு கொடுத்த மரியாதை. அதிலும் அந்த 'நம்ம'வில் பெரியவர் கொடுக்கும் அழுத்தம் இருக்கிறதே, ரசீது போட்டு வாங்கி வந்த பொருளைச் சொல்வது போல இருக்கும்.

பெரியவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். இருபது வருடமாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பவர். வண்டியை அடுத்தவர் ஓட்டுவார். இவர் காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கால் ஓய்வதில்லை என்பது கண்ணாடிக்காரியின் கருத்து. யார் எந்தப் பக்கம் திரும்ப நினைத்தாலும் ஒரு மிதி மிதித்துவிடுவார்.

"பாரும்மா" என்று ஆரம்பித்தார் அன்றைக்கும், நிலையை விடாமலே. "எட்டுக் கால். வாயில விஷம். மூக்கு நுனியில கோபம். அந்த மாதிரி ஜென்மம் பத்து, ஒரே மரப்பட்டையில ஒத்துமையா குடும்பம் நடத்துது. ரெண்டு கால வச்சிருக்கிற நமக்கு என்ன கேடு?"

"அதுங்களுக்குப் பாத்ரூம் வேண்டாம் மாமா."

"இந்த வாய்தான். இந்த வாய் அதுங்களுக்குக் கிடையாது பாரு. அதான் ஒத்துமை."

சமையலறையில் அக்கா, அதாவது பெரியவரின் மனைவி, கரண்டியைப் பாத்திரத்தில் டங்கென்று தட்டினாள். அது சிரிப்பா சலிப்பா என்று பதினான்கு வருடமாக யாருக்கும் விளங்கியதில்லை.

அவை மரத்தில் வாழும் டரண்டுலா என்ற ராட்சதச் சிலந்திகள். பெரியவரிடம் வண்டி கற்றுக்கொண்ட ஒரு மாணவன் வேறு நாட்டுக்குக் கிளம்பும்போது, ஒரே முட்டைப்பையில் பொரித்த பத்துக் குஞ்சுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அப்போது ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. இரண்டு வருடத்தில் உள்ளங்கையை நிறைக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. சாம்பல் உடம்பு, முதுகில் இலை நரம்பு போல வெள்ளைக் கோடு, காலுக்குக் கீழே மட்டும் மஞ்சள். "ஒரே பையில பொறந்ததுங்க சார், ஒண்ணா வளர்த்தா ஒண்ணா இருக்கும். ஆனா வயிறு காயக் கூடாது, ஒளிஞ்சுக்க இடம் நெறைய வேணும், பெருசு சின்னதுன்னு வித்தியாசம் வந்தா உடனே பிரிச்சிடணும்" என்று அந்த மாணவன் நாலு விஷயம் சொன்னான். பெரியவர் காதில் விழுந்தது முதலாவது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டியைச் செய்தவள் கண்ணாடிக்காரி. உள்ளே செங்குத்தாக நாலு மரப்பட்டைகளை நிறுத்தியவளும் அவளே. கரப்பான் வாங்கி வருவது, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் போடுவது, தண்ணீர் தெளிப்பது, இணையத்தில் தேடித் தேடிப் படிப்பது எல்லாம் தம்பி. பெரியவரின் பங்கு, எண்ணுவது.

தம்பி என்றால் அவள் கணவன். அந்த வீட்டில் அவனுக்கு வேறு பதவி கிடையாது. அண்ணனுக்குத் தம்பி, அண்ணிக்குத் தம்பி, பால் போடுகிறவருக்கும் தம்பி. அப்பா அம்மா போனபின் அண்ணன்தான் அவனை வளர்த்தார் என்பதை அவன் மறந்தாலும் அண்ணன் மறக்கவிட மாட்டார். லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் மேலே போய்க் கீழே வருவான், கீழே வந்து மேலே போவான். வெளியே ஒரு அடி எடுத்து வைக்கத்தான் வராது என்று அவள் நினைத்துக்கொள்வாள். அண்ணன் முன்னால் அவனை 'வாங்க, போங்க' என்பாள். அறைக்கதவு சாத்தியதும் 'வா, போ' ஆகிவிடும். சில நாட்களில் 'போ' மட்டும்.

அன்று வியாழக்கிழமை. அறைக்கதவைச் சாத்தினாள்.

"சொன்னியா?"

தம்பி காலுறையில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் சொல்லல. சனிக்கிழமைக்குள்ள சொல்லிடறேன்."

"எந்த வருஷத்துச் சனிக்கிழமை?"

தனியாகப் போகப் பார்த்த இரண்டு வீடுகள் ஏற்கெனவே இப்படித்தான் போயின. முதல் வீட்டுக்காரர் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை வைத்துவிட்டார். இரண்டாவது வீட்டுக்காரர் பத்து நாள் பொறுத்தார். இது மூன்றாவது. தம்பி லிஃப்ட் பார்க்கும் கட்டடத்தில் நாலாவது மாடி. ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. அந்த ஒரு குளியலறையைப் பார்த்தபோது கண்ணாடிக்காரி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறக்காமல், சும்மா ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். கதவைத் தட்ட ஆளில்லை. அந்தச் சுகத்தை மூன்று வாரமாக மறக்க முடியவில்லை. வீட்டுக்கார அம்மாள் சனிக்கிழமைக்குள் பதில் கேட்டிருப்பதாகத் தம்பிதான் சொன்னான்.

"காது கொடுத்துக் கேளு" என்றாள். குரல் உயரவில்லை. அதனால்தான் அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ சொல்ல மாட்ட. அண்ணன் மூஞ்சியப் பார்த்ததும் உன் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். பரவாயில்ல. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். இல்லன்னா அந்த வீட்டுக்கு நான் போறேன். நான் மட்டும். தனிக்குடித்தனம் தனிக்குடித்தனம்னு சொல்லிக்கிட்டிருக்கோம்ல, அது அப்ப நெஜமாவே தனி ஆயிடும்."

"அப்படி எல்லாம் பேசாத."

"உனக்குப் பேச வரலன்னுதான் நான் பேசறேன்."

அவன் ஓட்டைக் காலுறையையே மாட்டிக்கொண்டு போனான். அதையாவது மாற்றத் தெரிகிறதா என்று அவள் அவன் முதுகைப் பார்த்தபடி நின்றாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. கிளம்பும்போதே பெரியவர் உத்தரவு போட்டிருந்தார். "நாளைக்கு மத்தியானம் புது பேட்ச் பசங்க வர்றாங்க, நம்ம குடும்பத்தைப் பார்க்க. கண்ணாடி உள்பக்கமெல்லாம் கறையா இருக்கு. உன் தொழில்தானே, ஒரு துடை துடைச்சிடு." நம்ம குடும்பம் என்று அவர் சொன்னது சிலந்திகளை. மனிதர்களைப் பார்க்க ஒருத்தரையும் அவர் கூப்பிட்டதில்லை.

வீட்டில் யாரும் இல்லை. அவள் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு, கைப்பிடி நீண்ட தூரிகையும் ஈரத்துணி சுற்றிய குச்சியுமாகப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். இந்த ஜாதிச் சிலந்தி கண் மூடித் திறப்பதற்குள் முழங்கை வரை ஏறிவிடும். கடித்தால் இரண்டு நாள் கை வீங்கிக் கிடக்கும். அதனால் கதவைக் கையளவே திறந்து, முதலில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தாள். நடுப்பட்டையின் பின்னால் நாலு, ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டபடி. வலது பட்டையில் மூன்று. கீழே தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒன்று. மேலே இடது ஓரத்தில் இரண்டு.

அந்த இரண்டைத்தான் பெரியவருக்கு ரொம்பப் பிடிக்கும். பத்து நாளாக அவை வைத்த இடத்தில் இருந்தன. "அதுங்க ரெண்டும்தான் தங்கமான பிள்ளைங்க. சண்டை இல்ல, சச்சரவு இல்ல, எதையும் கேட்கறதில்ல. பார்த்துக் கத்துக்கணும்" என்று நேற்றுக்கூடச் சாப்பிடும்போது சொன்னார். சொல்லும்போது அவளையும் தம்பியையும் பார்த்தார்.

தங்கமான பிள்ளைகள் தூரிகை பட்டால் எப்படித்தான் நகருகின்றன, பார்ப்போமே என்று ஒன்றின் பின்னங்காலை மெல்லத் தொட்டாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கால் அப்பளம் போல நொறுங்கித் துணியில் ஒட்டிக்கொண்டது.

வெறும் சட்டை. சிலந்தி வளரும்போது பாம்பு மாதிரி தோலை உரித்துப் போடும். கால், மயிர், பல் எல்லாம் அப்படியே அச்சு எடுத்தது போல இருக்கும். உள்ளேதான் ஒன்றும் இருக்காது. இரண்டுமே அப்படித்தான். குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். சட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு பொட்டு பளபளத்தது.

சிலிகான்.

அவள் கடைச் சிலிகான். கைப்பையில் இருக்கும் பாதி டியூப். அதுவும் எப்படி வைத்திருக்கிறது! பிரஷ்ஷில் பற்பசை வைப்பது போலப் பிதுக்கி, மேலே விரலால் ஒரு அமுக்கு. விரல் ரேகைகூடத் தெரிந்தது. இந்த வீட்டில் இவ்வளவு கேவலமாகப் பசை வைக்கக்கூடிய ஆள் ஒருத்தன்தான். அண்ணனுக்கு டியூப்பைத் திறக்கவே தெரியாது.

முதலில் சிரிப்பு வந்தது. வருடக்கணக்கில் குடும்பம் நடத்தக் கற்றுக்கொடுத்த மனிதர், பத்து நாளாக இரண்டு காலிச் சட்டைகளுக்கு ஆஜர் போட்டிருக்கிறார். அதுவும் அவைதான் தங்கமான பிள்ளைகளாம். அவருக்குப் பிடித்த தம்பியும் தம்பி பெண்டாட்டியும் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. மேலே ஒட்டிவைத்த இடத்தில், உள்ளே ஒன்றுமில்லாமல்.

அப்புறம் சிரிப்பு நின்றது. பத்தில் இரண்டு இல்லை. பெட்டியை ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தாள். காற்றுப் போக மேலே அடித்த கம்பிவலை அப்படியே இருந்தது. பசைக்கோட்டில் மயிரிழை விரிசல் கிடையாது. வெளியே போக வழியே இல்லை. அப்படியென்றால் தின்றிருக்கின்றன. பெரியது சின்னதைத் தின்றிருக்கிறது. தம்பி அதைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு என்ன செய்தான்? அண்ணன் மனசு கோணக் கூடாது என்று, செத்துப்போனதின் பழைய சட்டையை எடுத்துப் பொண்டாட்டி டியூப்பிலிருந்து பசை திருடி ஒட்டிவைத்திருக்கிறான். ஒரு சிலந்தி செத்ததைச் சொல்லத் துப்பில்லாதவன், தனியாகப் போகிறேன் என்றா சொல்லப் போகிறான்?

அவ்வளவு இளக்காரம் அவளுக்கு அவன் மேல் அதுவரை தோன்றியதில்லை. கோபம் என்றால் கத்தித் தீர்த்துவிடலாம். இது கத்தலில் தீராது.

சாயங்காலம் தம்பி வந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மென்று விழுங்குவான். நாளைக்கு எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்பது என்று முடிவு செய்துவிட்டாள். கண்ணாடியை மட்டும் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தாள். தொழில் தொழில்தானே.

சனிக்கிழமை காலை நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரொட்டி, முட்டை, தேநீர். அவள் அறையில் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்திருந்தாள். தம்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்திருந்தான். பெரியவர் உற்சாகமாக இருந்தார். மத்தியானம் வரப்போகிற மாணவர்களிடம் என்ன பேசுவது என்பதை ரொட்டியோடு சேர்த்து ஒத்திகை பார்த்தார்.

"பத்து உயிர், ஒரே கூரை. நான் ஒண்ணைக்கூட இழக்கல. ஏன்? தலைமை சரியா இருந்தா குடும்பம் சிதறாது..."

"எட்டு" என்றாள் கண்ணாடிக்காரி.

"என்னது?"

"எட்டுதான் இருக்கு மாமா. இன்னொரு தடவை எண்ணுங்க. வாயில பிரஷ் இல்லாம எண்ணுங்க."

"காலையிலதான் எண்ணினேன். பத்து."

அவள் எழுந்து போய்ப் பெட்டியின் மேல்கதவைத் திறந்து, இடுக்கியால் அந்த இரண்டையும் பட்டையிலிருந்து பெயர்த்தெடுத்து வந்து, அவருடைய தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அக்கா வீலென்று கத்திக் கால்கள் இரண்டையும் நாற்காலி மேல் ஏற்றிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா. ஒண்ணும் செய்யாது. தங்கமான பிள்ளைங்க" என்றாள். "மாமாவே ஊதிப் பார்க்கலாம்."

பெரியவர் ஊதவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு விரலால் தொட்டார். சட்டை பொசுக்கென்று அமுங்கியது. அவர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது.

"அப்ப ரெண்டு தப்பிச்சுப் போயிடுச்சு!" என்று கத்தினார். "வீட்டுக்குள்ள எங்கேயோ திரியுது! உன் பெட்டிதான் ஓட்டை. பெரிய கண்ணாடிக்காரி! ஒரு பெட்டி ஒழுங்கா ஒட்டத் துப்பில்ல..."

"ஐயோ" என்றாள் அக்கா, காலை இன்னும் மேலே இழுத்து.

"என் பெட்டியில காத்து தவிர எதுவும் வெளிய போகாது" என்றாள் அவள். "பெட்டியைக் குறை சொல்லாதீங்க. உங்க குடும்பம்தான் ரெண்டு பேரைத் தின்னு ஏப்பம் விட்டிருக்கு. ஒத்துமை ஒத்துமைன்னு தினமும் பாடம் நடத்தினீங்களே, அந்தப் பக்கம் இதுதான் நடந்திருக்கு. அதை மறைக்க, இங்க ஒரு மகராசன் பசை போட்டு ஒட்டி வச்சிருக்கார். கேளுங்க உங்க தம்பியை. கேட்டாலும் பதில் வராது, ஆனாலும் கேளுங்க."

மூன்று பேரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் ரொட்டியில் ஒரு துண்டை வெட்டி முடித்தான். கத்தியைக் கீழே வைத்தான்.

"தின்னவும் இல்ல. ஓடவும் இல்ல" என்றான். "நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன்."

"எங்கே?" என்றார் பெரியவர்.

"நாலாவது மாடிக்கு."

"எந்த நாலாவது மாடி?"

தம்பி எச்சில் விழுங்கினான். அவன் நாக்கு மேலண்ணத்தை நோக்கிப் போவதை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது அது பாதி வழியில் நின்று திரும்பியது.

"எங்க வீட்டுக்குண்ணே. எனக்கும் இவளுக்கும் பார்த்த வீடு. சாவி வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு."

ரொம்ப நேரம் வாயை மூடி வைத்திருந்த குழாய் திறந்தது போல, அவனே மேலே பேசினான்.

"அந்த ரெண்டும் வளராம நின்னுடுச்சுண்ணே. பெருசுங்க வந்தா பட்டையை விட்டுக் கீழ இறங்கிடும். தீனி போட்டா இதுங்க வர்றதுக்குள்ள தீர்ந்திடும். அடுத்த தடவை சட்டை உரிக்கும்போது உடம்பு மெத்துன்னு இருக்கும்ல, அப்ப பசியில எதாவது ஒண்ணு வாய் வச்சிடும்னு படிச்சேன். பெருசுங்க மேல தப்பில்ல. இதுங்க மேலயும் தப்பில்ல. இடம் பத்தல, அவ்வளவுதான். உங்ககிட்ட சொல்லணும்னு தினமும் நினைப்பேன். நீங்க எண்ணிட்டு, பத்துன்னு சந்தோஷமா சொல்வீங்க. வாய் வராது. அதான் ஒட்டி வச்சேன்." ஒரு நொடி நிறுத்தினான். "நான் இப்ப சிலந்தியைப் பத்தி மட்டும் பேசலண்ணே."

"அது புரியுது" என்றார் பெரியவர். அந்தக் குரல் வழக்கமான குரல் இல்லை. "எனக்கு அவ்வளவு புத்தி மட்டு இல்ல. உன்னைத் தோள்ல தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போனவன் நான். ரெண்டு பூச்சிக்கு இடம் பத்தலன்னு தெரிஞ்சுது உனக்கு. என்கிட்ட நேரா வந்து சொல்லலாம்னு தெரியலையா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்!" என்றார் பெரியவர். உடனே தான் சொன்னது தன் காதிலேயே விழ, வாயை மூடிக்கொண்டார்.

அப்போது அக்கா ஒவ்வொரு காலாகக் கீழே இறக்கினாள். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை வருடக்கணக்காகச் சமாதானப்படுத்தும் பெண் அவள். வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள்.

"போகட்டும் விடுங்க" என்றாள். "பதினாலு வருஷம் முன்னாடி நானும் தனிக்குடித்தனம் கேட்டேன். ஞாபகம் இருக்கா? தம்பி படிக்கிறான், தம்பிக்குப் பரீட்சை, தம்பிக்கு வேலை, தம்பிக்குக் கல்யாணம்னு சொன்னீங்க. எல்லாம் ஆச்சு. இப்ப இவங்க ரெண்டு பேரும் கிளம்பினா எனக்கும் தனிக்குடித்தனம்தான். வீடு மாத்தாமலேயே."

பெரியவர் மனைவியை, யாரோ புதிதாக வண்டி கற்றுக்கொள்ள வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். மிதிப்பதற்குக் காலுக்கடியில் எதுவும் இல்லை.

"அப்படின்னா உனக்கும் நான் வேண்டாமா?"

"நீங்க வேணும். உங்க லெக்சர்தான் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அக்கா இரண்டு சட்டைகளையும் காகிதத்தால் எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு கண்ணாடிக்காரியின் பக்கம் திரும்பினாள். "உன் பையை நேத்தே பார்த்துட்டேன்டி. துணி மட்டும் எடுத்து வச்சா ஆச்சா? சோறு வடிக்கிற அந்தப் பெரிய பாத்திரத்தையும் எடுத்துட்டுப் போ. எனக்கு அது பாரம்."

பெரியவர் எழுந்து பெட்டியின் முன்னால் போய் நின்றார். கை இடுப்புக்குப் போகவில்லை. "மத்தியானம் பசங்க வருவாங்களே" என்றார் யாரிடமோ.

"எட்டுன்னு சொல்லுங்கண்ணே" என்றான் தம்பி. "எட்டும் நல்லா இருக்கும். இப்ப இடம் இருக்கு."

நாலாவது மாடிக்குப் போகும்போது மணி பதினொன்று. தம்பி சாவியை எடுத்துப் பழக்கப்பட்ட கையால் பூட்டைத் திறந்ததே அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வரப் போதுமானதாக இருந்தது.

காலி வீடு. சமையல் மேடையில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் ஜாடிகள். மூடியில் காற்றோட்டத்துக்கு ஊசியால் சூடு வைத்துப் போட்ட ஓட்டைகள், கோணல் மாணலாக. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மரப்பட்டை, அதில் ஒரு சிலந்தி. பத்து நாளில் இரண்டுக்கும் வயிறு உருண்டிருந்தது. ஒன்று அவள் நிழல் பட்டதும் பட்டைக்குப் பின்னால் போய், பிறகு என்ன நினைத்ததோ, இரண்டு கால்களை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தது.

"எனக்கு முன்னாடி இதுங்க குடி வந்தாச்சு" என்றாள்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து தீனி போட்டுட்டுப் போவேன். அப்படியே ஜன்னல்கிட்ட உட்கார்ந்து நானும் சாப்பிட்டுட்டு."

"ரெண்டு வாரம்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வாரமா சாவி உன் பையில இருந்திருக்கு. நான் அங்க வெந்து வெந்து சாகறேன். தனியா போயிடுவேன்னு சொன்னேன். அப்பகூட உன் வாயில இருந்து ஒரு வார்த்தை விழல."

"அண்ணன்கிட்ட சொல்லாம உன்கிட்ட சொன்னா, நீ அடுத்த நிமிஷமே சொல்லிடுவ. அது நான் சொன்னதா ஆகாது." அவன் ஜாடி மூடியைத் தேவையில்லாமல் திருகினான். "சனிக்கிழமைன்னு வீட்டுக்காரம்மா எதுவும் சொல்லல. அது எனக்கு நானே வச்சுக்கிட்ட கெடு."

"அப்ப இன்னிக்குச் சொல்லியிருப்பியா? நான் அந்தச் சட்டையைப் பிச்சு எடுக்காம இருந்தா?"

பொய் சொல்ல அது நல்ல சந்தர்ப்பம். "தெரியல" என்றான்.

அந்தத் 'தெரியல'வுக்காக அவனை மன்னிக்கலாமா, அல்லது அதற்காகவே இன்னும் நாலு நாள் பேசாமல் இருக்கலாமா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டையும் செய்யலாம் போலிருந்தது.

"உன் பசை வேலை மாதிரி கேவலமான வேலையை நான் ஜென்மத்துல பார்த்ததில்ல" என்றாள். "இன்னொரு தடவை என் டியூப்பைத் தொட்டா கையை ஒடிப்பேன்."

"சரி."

"இந்த ஜாடியும் சகிக்கல. திங்கட்கிழமை நான் பெட்டி செய்யறேன்."

"சரி."

பிறகு அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். இந்த முறை குழாயைத் திறந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து, நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், இன்னொரு முறையும் அடித்துவிட்டு வெளியே வந்தபோது அவன் ஜன்னலுக்குக் கீழே தரையில் துணி விரித்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தான். அக்கா ரொட்டியும் முட்டையும் கட்டிக் கொடுத்திருந்தாள். எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை. வெளிச்சம் முழுவதும் அந்த ஒரு ஜன்னலில்தான் இருந்தது. கீழே சாலை, எதிரே ஒரு கட்டடத்தின் துணி உலர்த்தும் மாடி.

"எழுந்திரு" என்றாள். "இந்த ஜன்னல் எனக்கு. நீ அந்தப் பக்கம் போய் உட்காரு."

தம்பி மறுபேச்சுப் பேசாமல் எழுந்து, தன் பங்கு ரொட்டியை எடுத்துக்கொண்டு, அறையைக் குறுக்கே கடந்து, எதிர்ச் சுவரோரம் போய் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அவள் ஜன்னலடியில் கால் நீட்டி அமர்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். காலி அறையில் இருவருக்கும் நடுவில் தரை பளபளவென்று கிடந்தது. சொன்னதை அப்படியே செய்கிற இந்த மனிதனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது என்று எரிச்சலாக வந்தது.

"அவ்வளவு தூரமெல்லாம் போகச் சொல்லல" என்றாள்.